பூட்டிய பெட்டகம்: மோர்மன்களும் அவங்க வரலாற்றை எழுதினவங்களும்

இன்னைக்குக் கதை ஒரு பூட்டுல இருந்து ஆரம்பிக்குது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலம், சால்ட் லேக் சிட்டி. அங்கே ஒரு கிறிஸ்தவ சபையின் தலைமையகம். அந்தத் தலைமையின் பொறுப்பில் சில பழைய வாக்குமூலங்கள் இருந்தன. ஒரு கூட்டுக்கொலையில் பங்கேற்ற ஆட்கள், வயசான காலத்துல தங்கள் வாயாலேயே சொன்னவை. 1940-களில் ஒரு டீச்சரம்மா அதைப் படிக்கணும்னு கேட்டார். அதே சபையில் பிறந்து வளர்ந்தவர், கடைசி வரைக்கும் அதை விட்டுப் போகாதவர். முடியாதுன்னு சொல்லிட்டாங்க. ஏறத்தாழ அறுபது வருஷம் கழிச்சு, 2009-ல், அந்தச் சபையின் பல்கலைக்கழகமே அந்த வாக்குமூலங்களைப் புத்தகமாப் போட்டது.

நடுவுல இருந்த அந்த அறுபது வருஷத்துல என்ன நடந்துச்சு? பூட்டி வெச்சதால யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? அதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல, யார் இந்த மோர்மன்கள்?

1830 ஏப்ரல் 6. நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற 24 வயசுப் பையன் ஒரு புதுச் சபையைத் தொடங்கினார். ஒரு தேவதூதன் தனக்குத் தங்கத் தகடுகள் இருக்கிற இடத்தைக் காட்டினார், அதுல எழுதியிருந்ததைத் தெய்வ அருளால மொழிபெயர்த்தேன்னு சொல்லி அவர் வெளியிட்ட நூல்தான் மோர்மன் புத்தகம். அதை வெச்சுத்தான் அவங்களுக்கு 'மோர்மன்கள்'னு பேர் வந்தது. சபையின் முழுப்பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. 2018-லிருந்து முழுப்பெயரையே சொல்லுங்கன்னு சபைத் தலைமை கேட்டுக்கிட்டிருக்கு. இன்னைக்கு நம்ம பேசுற வரலாற்றாசிரியர்கள் எல்லாருமே 'மோர்மன் வரலாறு'ன்னுதான் எழுதினாங்க. அதனால இந்த எபிசோடுக்கு மட்டும் நானும் அந்த வார்த்தையையே வெச்சுக்கிறேன்.

நம்ம ஃபீல்டுல இருக்கிறவங்க யூட்டாவில் லீஹை என்ற ஊரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. வரிசையா சாஃப்ட்வேர் கம்பெனிகள் இருக்கிற ஊர். லீஹைங்கிறது மோர்மன் புத்தகத்துல வர்ற ஒரு தீர்க்கதரிசியோட பேரு.

இந்த மக்களைப் பத்தி ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. அவங்க எழுதி வைக்கிற ஆட்கள். சபை தொடங்கின அதே நாள்ல, நடக்கிறதை எல்லாம் பதிவு பண்ணி வைக்கணும்னு கடவுள் கட்டளை கொடுத்ததா அவங்க நம்புறாங்க. 'சபை வரலாற்றாசிரியர்'னு ஒரு பதவியே உண்டு. ஏர் பிடிக்கிற விவசாயி, ஆறு பிள்ளை பெத்த அம்மா, கொல்லர், தச்சர் எல்லாரும் டைரி எழுதினாங்க. நம்ம பாஷையில சொன்னா, ஒரு லாக்கைக்கூட டிலீட் பண்ணாத சிஸ்டம். பிரச்சனை எல்லாம் ரீட் பெர்மிஷன்லதான்.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். இவங்க அடி வாங்கின கூட்டம். 1838-ல் மிசௌரி மாநில கவர்னர், மோர்மன்களை மாநிலத்தை விட்டே விரட்டணும், இல்லைன்னா அழிக்கணும்னு எழுத்துல உத்தரவு போட்டார். அதுக்கு மூணு நாள் கழிச்சு ஹான்ஸ் மில் என்ற குடியிருப்பில் 17 மோர்மன்களைச் சுட்டுக் கொன்னாங்க. அந்த உத்தரவு அதிகாரபூர்வமா ரத்தானது 1976-ல்தான். 1844-ல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சிறைக்குள்ள புகுந்த கும்பல் ஜோசப் ஸ்மித்தையே கொன்றது. அப்புறம் பிரிகம் யங் என்ற தலைவர் பின்னாடி மாட்டு வண்டிகள்ல கிளம்பி, 1847-ல் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தாங்க. பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த கதை இதுதான்: நம்மளை விரட்டினாங்க, நம்ம தாங்கினோம். அது உண்மையும்கூட.

அதனாலதான் அடுத்து வர்ற கதையை அவங்களால வாய் திறந்து சொல்ல முடியலை.

1857 செப்டம்பர்: மவுண்டன் மெடோஸ்

1857 கோடைக்காலம். அமெரிக்க அரசு யூட்டாவுக்கு ராணுவத்தை அனுப்புதுன்னு செய்தி வந்தது. பழைய விரட்டல்கள் எல்லாம் மக்கள் மனசுல திரும்ப வந்துச்சு. தலைவர்களும் மேடைகளில் அனல் பறக்கப் பேசினாங்க. அந்த வருஷம் மே மாசம்தான் சபையின் அப்போஸ்தலர் ஒருத்தரை அர்கன்சாஸ் மாநிலத்தில் கொலை செய்திருந்தாங்க.

அந்தச் சமயத்துல, அதே அர்கன்சாஸ்ல இருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து போற குடும்பங்களோட வண்டித் தொடர் ஒண்ணு தெற்கு யூட்டா வழியா வந்தது. மவுண்டன் மெடோஸ் என்ற புல்வெளியில் தங்கினாங்க. செப்டம்பர் 7-ஆம் தேதி காலையில் அவங்க மேல தாக்குதல் நடந்தது. தாக்கினது உள்ளூர் மோர்மன் தலைவர்கள் தூண்டிவிட்ட பழங்குடியினரும், அவங்களோட சேர்ந்த சில மோர்மன் ஆட்களும். வண்டிகளை வட்டமா நிறுத்தி, உள்ளே இருந்து தாக்குப்பிடிச்சாங்க.

சீடர் சிட்டியில் இருந்த தலைவர்கள், என்ன செய்யறதுன்னு பிரிகம் யங்கிடம் கேட்டு ஒரு குதிரைவீரரை அனுப்பினாங்க. போக மட்டுமே சுமார் 250 மைல். அந்த ஆள் ராப்பகலா ஓட்டிப் போய்ப் பதில் வாங்கிக்கிட்டுத் திரும்பினார். 'அவங்களை விட்டுடுங்க, தலையிடாதீங்க'ங்கிற பொருள்ல பதில். அவர் வந்து சேர்ந்தது செப்டம்பர் 13.

ரெண்டு நாள் தாமதம். செப்டம்பர் 11-ஆம் தேதியே எல்லாம் முடிஞ்சிருந்தது. மோர்மன் உள்ளூர்ப் படையினர் வெள்ளைக் கொடியோட போனாங்க. ஜான் டி. லீ என்பவர் பேச்சுவார்த்தை நடத்தினார். 'ஆயுதத்தைக் கொடுத்துடுங்க, பத்திரமா கூட்டிட்டுப் போறோம்'னு வாக்குக் கொடுத்தாங்க. நம்பி வெளியே வந்தவங்களை, கொஞ்ச தூரம் நடக்க வெச்சு, ஒரு சைகை கொடுத்ததும் கொன்னாங்க. ஆண்கள், பெண்கள், பிள்ளைகள்னு சுமார் 120 பேர். வெளியில போய்ச் சொல்லற வயசு இல்லைன்னு நினைச்ச 17 சின்னக் குழந்தைகளை மட்டும் விட்டு வெச்சாங்க. அந்தக் குழந்தைகள் ரெண்டு வருஷம் மோர்மன் வீடுகளில் வளர்ந்து, 1859-ல் அர்கன்சாஸ் சொந்தக்காரங்ககிட்டத் திரும்பப் போய்ச் சேர்ந்தாங்க.

அப்புறம் ஊர் மௌனமாச்சு. பழி முழுக்கப் பையூட் பழங்குடி மக்கள் தலையில விழுந்தது. இருபது வருஷம் கழிச்சு, 1877-ல், ஜான் டி. லீ ஒருத்தரை மட்டும் அதே புல்வெளிக்குக் கூட்டிட்டுப் போய்ச் சுட்டு மரண தண்டனை நிறைவேத்தினாங்க. குற்றப்பத்திரிகையில ஒன்பது பேர். தண்டனை ஒருத்தருக்கு.

கேட்கத் தவறிய ஒரு வாக்குமூலம்

இப்போ அந்த டீச்சரம்மாவைப் பார்ப்போம். பேர் ஹுவானிட்டா ப்ரூக்ஸ். 1898-ல் நெவாடா மாநிலத்தில் பங்கர்வில் என்ற சின்ன மோர்மன் ஊரில் பிறந்தவர். இளம் வயசுல பக்கத்து ஊரில் டீச்சரா வேலை பார்த்தப்போ, நெஃபி ஜான்சன் என்ற பெரியவர் அவரைத் தேடி வந்தார். சபையில் எல்லாரும் மதிக்கிற மனுஷர். 'என் கண்ணு சில விஷயங்களைப் பார்த்திருக்கு, இதுவரைக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சாகுறதுக்கு முன்னாடி நீ அதை எழுதிக் கொடுக்கணும்'ங்கிற மாதிரி கேட்டார். கண்டிப்பா வர்றேன்னு சொன்ன ப்ரூக்ஸ், பள்ளிக்கூட வேலையில அதைத் தள்ளிப் போட்டுட்டார்.

கொஞ்ச நாள் கழிச்சு, பெரியவர் சாகக் கிடக்கிறார்னு செய்தி வந்தது. ஓடிப் போனார். அதுக்குள்ள நினைவு தப்பிப் போச்சு. படுக்கையில அவர் ரத்தம், ரத்தம்னு அலறினதைத்தான் ப்ரூக்ஸால கேட்க முடிஞ்சது. ஏன் இப்படின்னு பக்கத்துல இருந்தவங்ககிட்டக் கேட்டப்போதான் தெரிஞ்சது, அவர் மவுண்டன் மெடோஸ்ல இருந்தவர்னு.

அந்த இழப்பை ப்ரூக்ஸ் வாழ்நாள் முழுக்க மறக்கலை. கல்யாணம் ஆன கொஞ்ச காலத்திலேயே புற்றுநோயில கணவரை இழந்தார். கைக்குழந்தையோட படிச்சு, தெற்கு யூட்டாவில் செயின்ட் ஜார்ஜ் என்ற ஊரில் கல்லூரியில பாடம் எடுத்தார். மறுபடி கல்யாணம் ஆகி, ரெண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து பெரிய குடும்பம். 1930-களில் பொருளாதார மந்தத்தின்போது அரசு கொடுத்த வேலைத் திட்டத்தை வெச்சு, உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு ஊர்ல கிடைச்ச பழைய டைரிகளை எல்லாம் டைப் அடிக்க வெச்சார். வீட்டு வேலைக்கு நடுவுலதான் எழுத்து. பக்கத்து வீட்டுக்காரங்க வந்துட்டா, இஸ்திரி போடுற துணிக்குக் கீழ டைப்ரைட்டர் போயிடும்னு அவரைப் பத்தி ஒரு கதை உண்டு.

யோசிச்சுப் பாருங்க, அந்த ஊர்க்காரங்க யாரு? கொலையில இருந்தவங்களோட பேரன் பேத்திங்க. தினமும் கடையில பார்க்கிற முகங்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில பக்கத்துல உட்காருற ஆட்கள்.

வாக்குமூலங்களைப் படிக்க சால்ட் லேக் சிட்டி வரைக்கும் போய்க் காத்திருந்தார். கிடைக்கலை. அது இல்லாமலே கிடைச்ச ஆதாரங்களை வெச்சு எழுதி முடிச்சார். 1950-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் 'த மவுண்டன் மெடோஸ் மாசக்கர்' புத்தகத்தை வெளியிட்டது.

அவர் வந்து சேர்ந்த முடிவு யாருக்கும் முழுசா பிடிக்கிற மாதிரி இல்லை. பிரிகம் யங் இந்தக் கொலைக்கு உத்தரவு போடலைன்னு எழுதினார். அது சபையை எதிர்த்தவங்களுக்குப் பிடிக்கலை. ஆனா தலைவர்களோட அனல் பேச்சுதான் அந்தச் சூழலை உருவாக்குச்சு, நடந்த பிறகு மறைக்கிறதுல யங்குக்கும் பங்கு இருக்கு, லீ தப்பு செஞ்சவர்தான், ஆனா எல்லாருக்கும் சேர்த்துப் பலி கொடுக்கப்பட்டவர் அப்படின்னும் எழுதினார். அது சபைத் தலைமைக்குப் பிடிக்கலை.

முன்னுரையிலேயே தன்னை விசுவாசமுள்ள சபை உறுப்பினர்னு சொல்லித்தான் எழுதினார். உண்மையைத் தவிர வேறெதுவும் இந்தச் சபைக்கு நல்லது செய்யாதுங்கிறது அவரோட நிலைப்பாடு.

ஒரே காலம், ரெண்டு பெண்கள்

ப்ரூக்ஸுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி இன்னொரு மோர்மன் பெண் ஒரு புத்தகம் எழுதினார். ஃபான் ப்ரோடி. 1945-ல் ஜோசப் ஸ்மித்தோட வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். ஸ்மித்தை நல்ல கற்பனை வளம் உள்ள, காலப்போக்குல தன் கதையைத் தானே நம்ப ஆரம்பிச்ச மனுஷராக் காட்டினது அந்த நூல். ப்ரோடியின் பெரியப்பா டேவிட் மெக்கே அப்போ சபையின் உச்சத் தலைவர்கள்ல ஒருத்தர், பின்னாடி சபையின் தலைவராகவே ஆனவர். அதெல்லாம் காப்பாத்தலை. 1946-ல் ப்ரோடியைச் சபையை விட்டு விலக்கினாங்க. அவர் மனசளவுல ஏற்கெனவே வெளியே போயிருந்தார்.

ப்ரூக்ஸை விலக்கலை. ஆனா ஊர்ல சில பேர் முகம் கொடுத்துப் பேசுறது குறைஞ்சது. அவர் தொடர்ந்து சபைக்குப் போனார், தொடர்ந்து எழுதினார்.

1961-ல் அவருக்கு இன்னொரு சோதனை. ஜான் டி. லீயோட வாழ்க்கை வரலாறு அச்சுக்குப் போற சமயம். லீயோட வாரிசுகள் கேட்டுக்கிட்டதால, சபை அவரோட உறுப்பினர் நிலையை, இறந்து 84 வருஷம் கழிச்சு, திரும்பக் கொடுத்தது. இதைப் புத்தகத்துல போட வேண்டாம்னு ப்ரூக்ஸ்கிட்டச் சொன்னாங்க. அவர் போட்டார். கொடுத்ததைச் சபை திரும்ப வாங்கலை.

வெளியே நின்னு உண்மை பேசுறவங்களைச் சமாளிக்க எல்லா அமைப்புக்கும் தெரியும்: 'அவன் எதிரி'ன்னு சொல்லிட்டாப் போதும். உள்ளேயே உட்கார்ந்துக்கிட்டு, அடுத்த வாரமும் வந்து அதே பெஞ்சுல உட்காருற ஆளை என்ன செய்யறதுன்னுதான் யாருக்கும் தெரியாது.

பத்து வருஷம் திறந்திருந்த கதவு

1972. சபை ஒரு ஆச்சரியமான முடிவு எடுத்தது. சபை வரலாற்றாசிரியர் பதவிக்கு லெனர்ட் ஆரிங்டன் என்ற பொருளாதாரப் பேராசிரியரைக் கொண்டு வந்தது. அந்தப் பதவிக்கு முறையா ஆய்வுப் பயிற்சி பெற்ற ஒருத்தர் வந்தது அதுதான் முதல் தடவை. ஐடஹோ மாநிலத்து விவசாயக் குடும்பத்துப் பையன். 1958-லேயே யூட்டாவின் பொருளாதார வரலாறு பத்தி அவர் எழுதின 'கிரேட் பேசின் கிங்டம்' பெரிய பேர் வாங்கியிருந்தது.

அவர் இளம் ஆய்வாளர்களைச் சேர்த்துக்கிட்டார், காப்பகத்தைத் திறந்து விட்டார். புத்தகங்களும் கட்டுரைகளும் குவிஞ்சது. சபையோட 150-ஆவது ஆண்டான 1980-ஐ ஒட்டி 16 தொகுதி வரலாறு எழுதத் திட்டம் போட்டாங்க. அந்தக் காலத்தை அங்க வேலை பார்த்தவங்க பிற்பாடு ஒரு பொற்காலமா நினைவு கூர்ந்தாங்க.

ஆனா தலைமையில சில அப்போஸ்தலர்களுக்கு இது உறுத்துச்சு. வரலாற்றுல கடவுளோட கை தெரியணும், மனுஷங்களோட பலவீனம் இவ்வளவு தெரியணுமா? 1981-ல் பாய்ட் பேக்கர் என்ற அப்போஸ்தலர் சபையின் கல்வியாளர்கள்கிட்டப் பேசின உரை பிரபலம். உண்மைங்கிறதாலேயே எல்லாத்தையும் சொல்லணும்னு இல்லை, பலவீனமான விசுவாசத்தை அது உடைச்சுடும்ங்கிறதுதான் சாரம். இதை வெறும் அதிகாரத் திமிர்னு தள்ளிட முடியாது. தன் பொறுப்புல இருக்கிற மக்கள் உடைஞ்சு போயிடக் கூடாதுங்கிற பயம் உண்மையான பயம். எந்த வீட்லயும் பெரியவங்க சில விஷயங்களைப் பிள்ளைங்ககிட்ட மறைக்கிறது இந்தக் காரணத்துக்குத்தானே.

16 தொகுதித் திட்டத்தைச் சபை கைவிட்டது. 1982-ல் ஆரிங்டனோட குழுவை சபையின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்கு மாத்தினாங்க. காப்பகத்தோட விதிகள் இறுகின. கதவு பாதி சாத்தின மாதிரி ஆச்சு.

பாதி சாத்தின கதவும் ஒரு போலி ஆவணக்காரனும்

இப்போதான் கதை க்ரைம் த்ரில்லர் ஆகுது.

மார்க் ஹாஃப்மன். சால்ட் லேக் சிட்டியில மோர்மன் குடும்பத்துல வளர்ந்தவன், பழைய ஆவணங்களை வாங்கி விக்கிற வியாபாரி. 1980-லிருந்து ஒண்ணொண்ணா அதிசய ஆவணங்களைக் கொண்டு வந்தான். எல்லாம் சபையோட ஆரம்ப வரலாற்றைப் பத்தினது, பல ஆவணங்கள் சங்கடப்படுத்துறது. எல்லாமே அவனே வீட்ல உட்கார்ந்து பழைய தாள்ல எழுதின போலி.

அவன் ஒரு விஷயத்தைச் சரியாப் புரிஞ்சு வெச்சிருந்தான். சங்கடமான ஆவணம் கிடைச்சா சபை அதை வாங்கும், வெளியில காட்டாது. வெளியில வராத ஆவணத்தை யார் சோதிக்கப் போறாங்க? 1983-ல் ஜோசப் ஸ்மித் எழுதினதாச் சொல்லி அவன் கொடுத்த ஒரு கடிதத்தைச் சபைத் தலைமை 15,000 டாலர் கொடுத்து வாங்கிப் பெட்டகத்துல வெச்சது. அது தங்ககிட்ட இருக்குன்னு 1985-ல்தான் வெளிப்படையா ஒத்துக்கிட்டது.

அவனோட பிரபலமான போலி 'சாலமாண்டர் கடிதம்'. தங்கத் தகடுகளைக் காட்டினது தேவதூதன் இல்லை, ஒரு வெள்ளை சாலமாண்டர்னு அந்தக் கடிதம் சொல்லுச்சு. பல்லி மாதிரி இருக்கிற நீர்நில உயிரினம் அது. நிபுணர்களும் வரலாற்றாசிரியர்களும்கூட அதை நிஜம்னு எடுத்துக்கிட்டாங்க. நிஜ வாழ்க்கையில சில பேரோட விசுவாசம் ஒரு போலிக் கடிதத்தால ஆடிப் போச்சு.

அடுத்து, மெக்லெலின் என்ற ஆரம்பகால அப்போஸ்தலரோட காகிதங்கள் தன்கிட்ட இருக்குன்னு சொல்லிக் கடன் வாங்கினான். அப்படி எதுவும் அவன்கிட்ட இல்லை. மாட்டிக்கிற நிலைமை வந்ததும், 1985 அக்டோபர் 15-ஆம் தேதி ரெண்டு குண்டு வெச்சான். ரெண்டு பேர் செத்தாங்க. மறுநாள் மூணாவது குண்டு அவன் கார்லயே வெடிச்சு அவனே காயப்பட்டான். பிறகு ஆவண ஆய்வாளர்கள் மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்த்தப்போ, அவன் கை வழியா வந்த ஆவணங்கள்ல மை மட்டும் நுணுக்கமா வெடிச்சிருந்தது. செயற்கையா பழசாக்கினதோட அடையாளம். 1987-ல் குற்றத்தை ஒத்துக்கிட்டு ஆயுள் சிறைக்குப் போனான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச, ரொம்பக் கசப்பான ஒரு துணுக்கு இருக்கு. ஹாஃப்மன் இருக்கிறதாப் பொய் சொன்ன மெக்லெலின் காகிதங்கள்ல ஒரு பகுதி நிஜமாவே சபையோட பெட்டகத்துலதான் இருந்தது. 1908-லயே வாங்கி வெச்சிருக்காங்க. பெட்டகத்தை அவ்வளவு பத்திரமாப் பூட்டினதுல, உள்ள என்ன இருக்குன்னு பூட்டினவங்களுக்கே மறந்து போச்சு.

சர்ச்சும் சர்ச் எஞ்சினும்

இதுக்கு அப்புறமாவது கதவு திறந்துச்சான்னா, உடனே இல்லை. 1993 செப்டம்பர்ல ஆறு எழுத்தாளர்கள், ஆய்வாளர்கள் மேல சபை நடவடிக்கை எடுத்தது. அஞ்சு பேரை விலக்கினாங்க, ஒருத்தரோட உரிமைகளைக் குறைச்சாங்க. அதுல மைக்கேல் க்வின் என்ற வரலாற்றாசிரியர் உண்டு. லவீனா ஃபீல்டிங் ஆண்டர்சன் என்ற எடிட்டரும் உண்டு. ஆய்வாளர்கள் மேல தலைமை எடுத்த நடவடிக்கைகளைத் தேதி வாரியாத் தொகுத்து வெளியிட்டதுதான் அவர் செஞ்சது. விலக்கின பிறகும் அவர் வாராவாரம் சபைக்குப் போயிக்கிட்டே இருந்தார், 2023-ல் இறக்குற வரைக்கும் உறுப்பினராத் திரும்பச் சேர்க்கப்படாமலேயே.

ஆனா அதுக்குள்ள இன்டர்நெட் வந்துடுச்சு. சர்ச் எஞ்சின் வந்த பிறகு சர்ச்சால எதையும் ஒளிச்சு வைக்க முடியலை. பைபிள் வகுப்புல கேட்காத விஷயங்கள் ராத்திரி 12 மணிக்கு மொபைல்ல வந்தது. ஜோசப் ஸ்மித் பல பெண்களை மணந்தார். ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு 1978 வரைக்கும் குருத்துவம் மறுக்கப்பட்டது. ஆனா ஜோசப் ஸ்மித் காலத்துலயே எலைஜா ஏபல் மாதிரி சில கறுப்பின ஆண்களுக்கு அது கொடுக்கப்பட்டிருக்கு. 1973-லயே லெஸ்டர் புஷ் என்ற டாக்டர் 'டயலாக்' இதழ்ல எழுதின நீண்ட கட்டுரை, அந்தத் தடை ஸ்மித் காலத்துல தொடங்கினதுக்கு ஆதாரம் இல்லைன்னு காட்டியிருந்தது. இதெல்லாம் ஆய்வாளர்களுக்குப் பழைய செய்தி, சாதாரண உறுப்பினருக்குப் புது இடி.

2010-ல் ஸ்வீடன்ல இப்படிக் கேள்வியோட தவிச்ச உறுப்பினர்களைச் சந்திக்க, சபையின் வரலாற்றுத் துறைத் தலைவர்களே ஸ்டாக்ஹோம் போனாங்க. 2013-ல் தொடங்கி, பலதார மணம், இனத் தடை மாதிரி சிக்கலான விஷயங்கள் பத்தி சபையே தன் பேர்ல கட்டுரைகள் வெளியிட்டது. ஸ்மித்துக்கு 30-லிருந்து 40 மனைவிகள் இருந்திருக்கலாம்ங்கிற மதிப்பீடு அதுல இருக்கு. ஸ்மித் தொடர்பான எல்லாக் காகிதங்களையும் பதிப்பிக்கிற திட்டம் 2008-லிருந்து 2023 வரைக்கும் 27 தொகுதிகளா வந்து முடிஞ்சது. ஆன்லைன்ல யாரும் படிக்கலாம்.

மவுண்டன் மெடோஸும் திறந்தது. 1999-ல் அங்க நினைவிடம் கட்டத் தோண்டினப்போ இயந்திரத்துல எலும்புகள் மாட்டுச்சு, குறைஞ்சது 28 பேரோடது. 2007-ல், 150-ஆவது நினைவு நாள்ல, அப்போஸ்தலர் ஹென்றி ஐரிங் அந்த இடத்துலயே நின்னு, கொல்லப்பட்டவங்களோட வாரிசுகள் முன்னாடி சபையின் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிச்சார். இத்தனை காலம் அநியாயமாப் பழி சுமந்த பையூட் மக்களிடமும் வருத்தம் தெரிவிச்சார். 2008-ல் சபையின் வரலாற்றாசிரியர்கள் மூணு பேர், எல்லா ஆவணமும் கையில வெச்சு எழுதின புத்தகத்தை ஆக்ஸ்ஃபோர்ட் வெளியிட்டது. அடுத்த வருஷம் வாக்குமூலங்களே அச்சுல வந்துச்சு.

ப்ரூக்ஸ் 1989-லயே இறந்துட்டார். தனக்கு மறுத்த காகிதங்களை அவர் கடைசி வரைக்கும் பார்க்கலை. ஆனா அது இல்லாமலே அவர் 1950-ல் எழுதினதோட அடித்தளம் இன்னும் நிக்குது.

அப்போ என்ன புரிஞ்சுக்கிறது?

திறந்ததால எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் சொல்ல வரலை. படிச்சுட்டு வெளியே போனவங்க நிறைய. படிச்சுட்டும் உள்ளயே இருக்கிறவங்களும் நிறைய. தலைமையோட பெட்டகத்துல இன்னும் திறக்காத காகிதங்கள் இருக்கு. ஒருத்தர் விசுவாசம் வைக்கணுமா வேண்டாமாங்கிறது இந்த பாட்காஸ்டோட வேலையும் இல்லை.

நான் இதுல பார்க்கிறது ஒண்ணுதான். பேக்கர் பயந்தது, கசப்பான உண்மை விசுவாசத்தை உடைக்கும்னு. இந்த அறுபது வருஷக் கதையில மக்களை அதிகமாக் காயப்படுத்தினது, அந்த உண்மையை வேற யாரோ மூலமாத் தெரிஞ்சுக்கிட்டதுதான். 'ஏன் எங்ககிட்ட நீங்க சொல்லலை?'ங்கிறதுதான் அவங்க கேள்வி. 1857-ல் நடந்ததுக்கு இன்னைக்கு இருக்கிற யாரும் பொறுப்பில்லை. அதை மறைச்சா, அந்த மறைச்ச பொறுப்பு மட்டும் புதுசா ஒவ்வொரு தலைமுறை தலையிலயும் ஏறுது. இனத் தடை பத்தின கட்டுரை 1973-ல் வந்தப்போ அதை வகுப்பறையில வெச்சுப் பேசியிருந்தா, 2013-ல் ஒரு பையன் தனியா மொபைலை வெச்சுக்கிட்டு அதிர்ச்சியாக வேண்டியதில்லை. கதவு சாத்தியிருந்த வீட்டுக்குள்ளதான் ஹாஃப்மன் மாதிரி ஆளுக்கு வியாபாரம் நடந்தது.

ப்ரூக்ஸ் மாதிரி ஆட்கள் அமைப்போட எதிரிகள்னு அப்போ பல பேர் நினைச்சாங்க. சபை தொடங்கின நாள்ல வந்த கட்டளை என்ன? எழுதி வை. அந்தக் கட்டளையை உண்மையாக் கடைப்பிடிச்சது அந்த இஸ்திரித் துணிக்குக் கீழ இருந்த டைப்ரைட்டர்தான்னு எனக்குத் தோணுது.

கடைசியா ஒரு வேண்டுகோள். நெஃபி ஜான்சன் மாதிரி ஒரு பெரியவர் உங்க வீட்லயும் இருக்கலாம். ஏதோ ஒண்ணைச் சொல்லணும்னு ரெண்டு தடவை ஆரம்பிச்சு, நீங்க ஆபீஸ் கால்ல இருக்கிறதைப் பார்த்து நிறுத்தியிருக்கலாம். உங்க கையில ரெக்கார்டர் இருக்கு. இந்த வார லீவுல போய் உட்காருங்க. கேளுங்க. அவங்க சொல்றது உங்களுக்குப் பிடிக்காததாவும் இருக்கலாம், அப்பவும் நிறுத்தாம கேளுங்க.